இருமுறை மூழ்கிய சுறா

இலக்கியம் பயிற்றும் நமக்கு நீர்மூழ்கிகளோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பெயர்களே நம்மை அவற்றினிடம் ஈர்த்தன.

மேற்கு ஜெர்மனியின் கடற்படை 1956-இல் மீண்டும் தோன்றியபோது அதனிடம் நீர்மூழ்கி ஒன்றுகூட இல்லை. எனவே கடலடியில் கிடந்தவற்றைத் தேடினார்கள். 1945 மே மாதத்தில், போர் முடிந்த வேளையில், மாலுமிகளே மூழ்கடித்த சிறு கலம் ஒன்று கட்டெகாட் கடற்பகுதியிலிருந்து தூக்கப்பட்டு, 1957-இல் 'ஹாய்' என்ற பெயரில் பணியேற்றது. ஹாய் என்றால் சுறா. அதே வகையைச் சேர்ந்த மற்றொன்று 'ஹெக்ட்' ஆயிற்று. அதுவும் ஒரு மீனின் பெயரே. 1960-இல் பணியேற்ற பெரிய கலத்துக்கு வில்ஹெல்ம் பௌவரின் பெயரைச் சூட்டினார்கள். 1851-இல் கீல் துறைமுகத்தில் தம் முதல் நீர்மூழ்கி மூழ்கியபோது, உடனிருந்த இருவரோடு உயிர்தப்பியவர் அவர்.

பழையவற்றில் பயின்றபடியே புதியனவும் கட்டினார்கள். 1954-ஆம் ஆண்டு உடன்படிக்கை நீர்மூழ்கியின் எடையை 350 டன்னுக்குள் நிறுத்தியிருந்தது. ஆழம் குறைந்த பால்டிக் கடலிலோ காந்தக் கண்ணிவெடிகளின் அச்சம். ஆகவே உல்ரிச் காப்லரின் வடிவமைப்பில் உருவான 201 வகைக் கலங்களுக்குக் காந்தத்தன்மையற்ற எஃகைத் தேர்ந்தார்கள். முதற்கலம் 1962-இல் பணியேற்றது. ஆனால் கடல்நீரில் அந்த எஃகு அரிப்புற்று வெடிப்புக் கண்டது. முதலிரு கலங்களும் 1963-இலேயே விலக்கப்பட்டன. வேறு எஃகில் அந்த எண்ணம் நிறைவேறியது 1970களின் 206 வகையில்தான்.

பொருளின் பிழையைத் திருத்தக் காலம் இருந்தது. மனிதருக்கு அது வாய்க்கவில்லை. 1966 செப்டம்பர் 14 அன்று வடகடலின் டாகர் திட்டருகே, புயலில் எந்திர அறைக்குள் நீர் புகுந்து 'ஹாய்' மீண்டும் மூழ்கியது. இருந்த இருபதின்மரில் ஒருவரே பிழைத்தார். கலத்தை மறுபடியும் தூக்கினார்கள். இம்முறை அது பணிக்குத் திரும்பவில்லை.

போரின் இறுதியில் மூழ்கியபோது அதைக் கைவிட்டது அதன் மாலுமிகளே. அமைதிக் காலத்தில் மூழ்கியபோது பத்தொன்பது பேரையும் உடன்கொண்டு சென்றது. எந்தப் பகைவனும் அவர்களைத் தாக்கவில்லை. நீர்மூழ்கிகளின் வளர்ச்சியை எஃகு, டன், வகையெண் என்று எழுதிச்செல்லும் நூல்களை வாசிக்கும்போதெல்லாம், இந்தப் பத்தொன்பது என்ற எண்ணிடம் நாம் சற்று நின்றுவிடுகிறோம்.