நடக்கும் முன்பே ஒரு மாத்திரை

நவம்பர் 14, 2025, வெள்ளி

மூன்று மணிக்கு மேல் வந்தான், சாப்பாடு டெலிவரி செய்கிற பையைத் தோளிலிருந்து இறக்காமலே. ஆடி மாதத்திலும் இதே மாதிரி ஓடி வந்தவன்தான். "அக்கா, நேத்து ராத்திரி... எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள வந்துட்டேன் இல்ல?" வந்துவிட்டான். ஆணுறை போடவில்லை. கூட இருந்தவரின் பெயர்கூடத் தெரியாது. டாக்டர் பரிசோதனைக்கு எழுதி, 28 நாளைக்குப் பெப் மாத்திரை, அதாவது நடந்தபின் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கப் போடுவது, கொடுத்தார். போன தடவை ஒரு வேளைகூட விடாமல் முடித்த பையன் இவன்.

ரத்தம் எடுக்கக் காத்திருந்த நேரத்தில் பிரெப் பற்றிப் பேச்செடுத்தேன். இந்த 28 நாள் முடிந்து டெஸ்டில் நெகட்டிவ் வந்தால், அன்றிலிருந்தே தினம் ஒரு மாத்திரை. எச்.ஐ.வி. தொற்றாமல் அது காக்கும். இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டாம்.

உடனே மறுத்துவிட்டான். "நடக்கும்னு தெரிஞ்சே மாத்திரை போடுறவன் வேற ஆளுக்கா. நான் அப்படி இல்ல. எப்பவாச்சும் ஒரு தடவ நடந்துடுது, அவ்ளோதான்."

பெப் என்பது மூன்று மருந்து சேர்ந்தது. அதன் பக்க விளைவு என்ன என்று அவன் கேட்கவே இல்லை. பிரெப்பில் இரண்டே மருந்து, அதிலும் டெனோஃபோவிர் இரண்டுக்கும் பொது. ஆனால் பிரெப்புக்குத்தான் பயம். பயந்தபின் போடுவது அவனுக்குப் பரிகாரம். முன்கூட்டியே போடுவது, இதைச் செய்யப்போகிறேன் என்று தனக்குத்தானே எழுதிக் கையெழுத்துப் போடுவது. மனம் வலிக்கிறது. இவனைப் போன்ற பிள்ளைகள் எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பார்கள்!

நவம்பர் 17, திங்கள்

உடற்பயிற்சிக்கூடத்தில் பயிற்சி கொடுக்கிற தம்பி. வயது இருபத்தாறு. "பிரெப் போட்டா கிட்னி போயிடுமாமே?" என்று ஆரம்பித்தான். நல்ல கேள்வி, மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மாத்திரை தொடங்கும் முன் கிரியாட்டினின் பார்ப்போம், ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை. முதல் சில வாரம் குமட்டலோ தலைவலியோ இருக்கலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். சிறுநீரகம் நன்றாக இருக்கிற இளைஞனுக்குப் பெரிய ஆபத்து இல்லை. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

ஐபிரெக்ஸ் ஆய்வையும் சொன்னேன். 2010இல் வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தொற்று 44 விழுக்காடுதான் குறைந்திருந்தது. ரத்தத்தில் மருந்து உண்மையாகவே இருந்தவர்களை மட்டும் பார்த்தால் 90 விழுக்காட்டுக்கும் மேல். வாங்கி அலமாரியில் வைத்தால் காக்காது, விழுங்க வேண்டும்.

எல்லாம் முடிந்து எழுந்து நின்றவன், வாசலருகே போய்த் திரும்பினான். உண்மையான காரணம் அங்கேதான் வந்தது. அவனுடைய நண்பன் ஒருவனின் அறையில் இந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாராம். "உனக்கு இருக்கு, மறைக்கிற"ன்னு மெசேஜ் வேறு. டேட்டிங் செயலியில் "பிரெப் போடுகிறேன்" என்று எழுதி வைத்தால், ஊரெல்லாம் சுற்றுகிறவன் என்று ஒரு சாரார் ஒதுங்குகிறார்கள். இன்னொரு சாரார், அப்படியானால் ஆணுறையே வேண்டாம் என்கிறார்கள். மேகநோயையும் வெட்டைநோயையும் இந்த மாத்திரை தடுக்காது என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலம் நினைவுக்கு வருகிறது. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர் முழுக்கச் சுவரில் எழுதியிருந்தது. அந்த விளம்பரம் தமிழ்நாட்டை வாய்திறந்து பேசவைத்தது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நோய் வருவதற்கென்று ஒரு தனி மாதிரி ஆள் இருக்கிறான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வேர்விட்டது. அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகாத குழந்தைகள், இன்று என் எதிரில் உட்கார்ந்து "நான் அந்த மாதிரி ஆளு இல்ல" என்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

நாமக்கல் பக்கத்துப் பையன், லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. தை மாதம் கல்யாணம். பெண்ணுக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. அவளே முதலில் சொல்லியிருக்கிறாள், அதன்பிறகுதான் இவன் பெண் கேட்டிருக்கிறான். கூட்டு மருந்தை அவள் இடையில் சில மாதம் விட்டுவிட்டு, இப்போது மறுபடி ஒழுங்காகப் போடுகிறாள். வைரஸ் அளவு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அது இறங்கி, கண்டறிய முடியாத நிலையில் நிலைத்துவிட்டால் அவளிடமிருந்து உடலுறவின் வழியே தொற்றாது. பார்ட்னர் ஆய்வுகளில் அந்த நிலையில் இருந்த இணையரிடமிருந்து ஒரு தொற்றுகூட ஏற்படவில்லை. அதுவரைக்கும் இவனுக்குப் பிரெப் ஒரு பாலம். சொல்லி முடிக்கும் முன்பே, "எப்ப ஆரம்பிக்கணும்?" என்றான். அவள் மாத்திரை போடுகிற அதே ஒன்பது மணிக்குத் தானும் போடுவானாம், இருவரும் போனில் பேசிக்கொண்டே.

டப்பாவை மறைக்க இடம் கேட்கவில்லை. கிட்னி பற்றி நான்தான் எடுத்துச் சொன்னேன்.

இரவு முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து ஒன்றுதான், வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இவன் போடும்போது அது அன்பு. டெலிவரி பையன் போட்டால் ஒழுக்கக்கேடு. இவனுடைய உறவுக்குக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. அவனுடையதற்கு இருட்டு மட்டும்தான். தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. வீட்டு அலமாரிக்குள் அந்தத் தீர்ப்பு இன்னும் நுழையவில்லை. "இளைஞர்களுக்குப் பிரெப்பில் ஆர்வம் இல்லை" என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன். மாத்திரையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அதைப் போடுகிறவனுக்கு ஊர் வைக்கும் பெயரைக் கண்டு ஒதுங்குகிறார்கள்.

நவம்பர் 24, திங்கள்

பணக் கணக்கு. கல்லூரி மாணவன் ஒருவன், மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு எங்கே போவேன் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். தொற்று வந்தபின் கொடுக்கிற கூட்டு மருந்தை 2004 ஏப்ரலில் இருந்து அரசு இலவசமாகக் கொடுக்கிறது, அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. பிரெப்புக்கான தேசிய வழிகாட்டி 2022இலேயே வந்துவிட்டது. என்னிடம் வருகிற பையன்களோ இன்னமும் மருந்துக்கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். வந்தபின் இலவசம், வராமல் இருக்கக் காசு. இதை அவனுக்கு எப்படி விளக்குவது?

நவம்பர் 29, சனி

மாலைக் கூட்டத்துக்கு மழையிலும் நிறையப் பேர். தினமும் போட முடியாதவர்களுக்கான முறையைச் சொன்னேன்: உறவுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக, இரண்டு மாத்திரை. அந்த இரண்டும் போட்டு 24 மணி நேரம் கழித்து ஒன்று. அதிலிருந்து 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட முறை. "இரண்டு மணி நேரம் முன்னாடியே யாருக்குத் தெரியும்?" என்று ஒருவன் கேட்டான். தெரியாதவர்களுக்குத் தினசரி மாத்திரைதான் சரி என்றேன்.

பிறகு லெனகாபவிர் ஊசி. வயிற்றுத் தோலுக்கடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2024இல் வந்த முடிவுகளில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் ஊசி போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆண்களும் திருநர்களும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வில் 2,179 பேரில் இருவருக்கு மட்டும். இந்திய நிறுவனங்களான ஹெட்டிரோவும் டாக்டர் ரெட்டீஸும் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலர் விலையில் ஏழை, நடுத்தர வருமான நாடுகளுக்குத் தரப்போவதாக இந்தச் செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எண்களுக்காக அல்ல. "அப்ப வீட்ல டப்பா இருக்காதா?" பின்வரிசையில் வந்த குரல் அது. ஊசி வரட்டும், வேண்டும். ஆனால் டப்பா இல்லாததுதான் அதன் பெரிய குணம் என்று பிள்ளைகள் நினைக்கிற நிலையை ஊசி மாற்றாது. அது நம் வேலை.

டிசம்பர் 1, திங்கள்

எய்ட்ஸ் தினம். கொட்டுகிற மழை. நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இதே சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தில் கண்டார்கள். துணிச்சலான வேலை. அந்தப் பெண்களைத் தேடிப்போன ஆண்களைப் பற்றி அன்று ஊர் பேசவில்லை. ஆண்களிடம் நேராகக் கேட்டுப் பழக இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

டெலிவரி பையன். 28 நாளும் முடித்துவிட்டான். டெஸ்ட் நெகட்டிவ்.

இந்த முறை "உனக்கு ஆபத்து இருக்கு" என்று நான் தொடங்கவில்லை. "இந்த நாலு வாரம் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "மாத்திரை போட ஆரம்பிச்ச அப்புறம் தூக்கம் வந்துச்சுக்கா." அந்தத் தூக்கத்துக்காகவே தொடரலாமே என்றேன். நீ எப்படிப்பட்ட ஆள் என்று இந்த மாத்திரைக்குத் தெரியாது, யாரும் அதைக் கேட்கப்போவதும் இல்லை என்றும் சொன்னேன்.

ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டான், பார்த்துவிட்டுச் சொல்கிறானாம். லேபிளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டான். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி மிச்சத்தைக் கிழித்துக்கொள் என்றேன். பைக் சீட்டுக்கு அடியில் வைக்காதே, சூடு ஆகாது. சார்ஜர் வைக்கிற பையில் வைப்பதாகச் சொன்னான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறான், திருவண்ணாமலைப் பக்கம்.

"அம்மா பார்த்துட்டா?"

"என்ன சொல்லுவ?"

"தெரியலக்கா. போறதுக்குள்ள யோசிக்கிறேன்."

ஜனவரி 12, திங்கள்கிழமை, பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு மதிய ஷிஃப்ட். ஊருக்குக் கிளம்பும் முன் பார்த்துவிடலாம்.