அப்பாயியின் சோழி

குரும்பலூரில் எங்கள் வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்தின் காலடியில், உள்ளங்கையை நிறைக்கும் சோழி ஒன்று நெடுங்காலமாய் இருந்து வருகிறது. ஆறு வயதில் அத்தைக்குக் கண்ட விஷக்காய்ச்சல் தணிந்ததும், அப்பாயி அவளுடன் வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்தச் சென்றாராம். அங்கே அலையொன்று இதைக் கொணர்ந்து அவர் பாதத்தில் வைத்ததாம். இதைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

சென்ற கோடையில் வீட்டுப் பிள்ளைகள், “இது காரை ஓடையில் கிடைக்கிற கல்கிளிஞ்சல்தானே?” என்றனர். வீண்கேள்வியன்று. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காரைப் பகுதி கடலடியில் இருந்தது. ஆனால், அங்குக் கிடைப்பவை கல்லாய்ச் சமைந்தவை. இந்த மெருகு அவற்றுக்கு ஏது?

நூலொன்றின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். வெண்ணிற அடிப்பாகம், நீண்ட வாயின் இருமருங்கும் பற்கள், குவிந்த முதுகில் கரும்பழுப்புப் புள்ளிகள், அதன் குறுக்கே நெடுக ஓடும் செம்மஞ்சள் கோடு. பல்லாங்குழிச் சோழி இதன் கால் பங்குகூட இராது. ஐயமில்லை, புலிச்சோழி. 1758இல் லின்னேயஸ் இலத்தீனில் புலியென்றே பெயரிட்டார். புள்ளியிருந்தால் சிறுத்தையல்லவா என்பது எங்கள் சிறுவனின் ஆட்சேபம்.

உயிருள்ளபோது நத்தையின் மெல்லிய சதைப்போர்வை இருபுறமும் எழுந்து ஓட்டை மூடி, மெருகைப் பூசிக்கொண்டே இருக்கும். அதன் இரு மடல்கள் சந்திக்கும் இடமே அக்கோடு. உயிர் போனபின் அலையிலும் மணலிலும் உருளும் ஓடு மங்கிவிடும். எங்கள் சோழியிலோ முகம் தெரிகிறது. மேலும், புலிச்சோழி மன்னார் வளைகுடா போன்ற பவளப்பாறைக் கடல்களில் வாழ்வது; வேளாங்கண்ணியோ மணற்கரை. உயிரோடு பிடித்துச் சதை நீக்கி விற்கப்பட்ட ஓடு இது என்றே கொள்ள வேண்டியிருந்தது.

இனி அத்தையிடம் என்ன சொல்வது? எண்பதைக் கடந்த அவள், இன்றும் செபமாலை முடிந்ததும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவள். இரண்டு வாரம் தயங்கினோம். ஒருநாள் அவளே, “அதுக்கு ஏதோ பேர் கண்டுபிடிச்சீங்களாமே?” என்றாள். பெயரைச் சொன்னோம், மற்றதையும் மெல்லச் சொன்னோம்.

“கடையிலே வாங்கினதுதான். நான் அழுதேன். எட்டணா சொன்னான், அம்மா ஆறணாவுக்கு முடிச்சா.”

“அப்படியானால் அந்த அலை?”

“அது எங்கப்பாவுக்குச் சொன்ன கணக்கு” என்றவள், சோழியை முந்தானையால் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.