பாய்மரத்துல மூணு நாள் – பினாங்கு டு லங்காவி

'கப்பல் பயணம்'னு சொன்னதும் டைட்டானிக் ரேஞ்சுக்கு எதிர்பார்த்துடாதீங்க. முதல்லயே அளவைச் சொல்லிடறேன். நீளம் 44 அடி. நம்ம ஊர் டவுன் பஸ்ஸை விட நாலஞ்சு அடி கூட, அவ்வளவுதான். ஒரு மரம், ரெண்டு பாய். பயணிகள் ஆறு பேர், கேப்டன் ஒருத்தர், அவருக்கு உதவியா ஒரு தம்பி. நீச்சல் குளம், டிஸ்கோ, பஃபே எதுவும் கிடையாது. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து சொகுசுக் கப்பல் கிளம்பிச்சே, ஞாபகம் இருக்கா? அது மிதக்கிற ஷாப்பிங் மால். இது மிதக்கிற மாட்டுவண்டி. :-)

பினாங்குல ஆணி புடுங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. (நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு சாப்ட்வேர்ல என்னய்யா பண்றேன்னு கேக்கறவங்க வரிசையில வரவும்.) இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர்ல விசா விலக்கு குடுத்ததுல இருந்தே அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். ஒரு வழியா போன ஜனவரியில பெரியபாளையத்துல வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் வந்து இறங்கினாங்க. டேமேஜர் கிட்ட மூணு நாள் லீவு கெஞ்சி வாங்கி, இந்தப் படகுல மூணு டிக்கெட் போட்டேன்.

அப்பாவைப் பத்தி ரெண்டு வரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல இருபத்தெட்டு வருஷம் வேலை. 1,100 டிகிரிக்கு மேல காய்ச்சின பில்லட்டை உருளைகளுக்கு நடுவுல விட்டு முறுக்குக் கம்பியா இழுக்கிற இடம். அந்தச் சத்தத்துல காதுக்கு அடைப்பான் எல்லாம் யாரும் குடுக்கல. ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே கேக்கறது குறைஞ்சு போச்சு. டாக்டர் கிராஃபைக் காட்டி, போனது போனதுதான், இனிமே மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்னு சொல்லிட்டார். அது மட்டும் இல்ல, காதுக்குள்ள எந்நேரமும் ஒரு 'உய்ய்ய்'. அதனால அப்பா பேசினா அடுத்த தெருவுக்குக் கேக்கும்.

டிக்கெட் விலையைக் கேட்டதும் அந்த வால்யூம்லயே கேட்டார்: "இன்னாடா இது, இம்மாம் துட்டு குடுத்து சும்மா குந்திக்கினு வர்றதுக்கா?"

அம்மாவோட கேள்வி வேற. "லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்களாடா?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு தேதி இருக்கு. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு உல்லாச சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. அளவுக்கு மீறி ஆள், உடம்புல லைஃப் ஜாக்கெட் இல்ல. நான் அப்ப ஸ்கூல் பையன். எங்க சுத்துவட்டாரத்துல பல நாளைக்கு இதே பேச்சு. அதுக்கப்புறம் அங்க சுற்றுலாப் படகு சவாரிக்கே தடை போட்டாங்க. அம்மாவுக்குப் படகுன்னாலே அந்த ஞாயித்துக்கிழமைதான்.

அதனால கிளம்பற அன்னிக்கு நடந்ததை இங்க எழுதியே ஆகணும். விடியக்காலை அஞ்சு மணி. கேப்டன் (கெடா மாநிலத்து மலாய்க்காரர், அம்பது வயசு இருக்கும்) எங்களை உக்கார வெச்சு, முழுசா இருபது நிமிஷம் வகுப்பு எடுத்தார். ஒவ்வொருத்தர் உடம்புக்கும் ஜாக்கெட்டை மாட்டி, பட்டையை அவரே இழுத்துப் பார்த்தார். யாராவது தண்ணியில விழுந்தா கத்தணும், ஒருத்தர் கையை நீட்டி விழுந்தவரையே காட்டிக்கிட்டிருக்கணும், கண்ணை எடுக்கவே கூடாது. அலைக்கு நடுவுல ஒரு தலை தெரியறது அவ்வளவு கஷ்டமாம். "ஆறு பேருக்கு மேல எவ்வளவு காசு குடுத்தாலும் ஏத்த மாட்டேன்"னார். கூட இருந்த தம்பி சுங்கைப்பட்டாணித் தமிழன், எல்லாத்தையும் அம்மாவுக்குத் தமிழ்ல சொன்னான். அம்மா ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்துட்டு பவானியம்மன் குங்குமத்தை அது மேலயே கொஞ்சம் தடவி விட்டாங்க. டபுள் பாதுகாப்பு!

அஞ்சரைக்கு என்ஜின் போட்டு வெளிய வந்தோம். ஏழு மணி வாக்குல வெளிச்சம் வந்ததும் பாயை ஏத்தினாங்க. அந்த நேரத்துல நான் பார்த்ததை மெக்கானிக்கல் பசங்க ரசிப்பாங்க. பாய்னா பின்னாடி இருந்து காத்து தள்ளும், படகு முன்னாடி போகும்னுதானே நினைக்கிறோம்? எங்களுக்குக் காத்து வலப்பக்கத்துல இருந்து. ஜனவரியில அங்க வடகிழக்குக் காத்து, நாங்க போகவேண்டியது வடமேற்கு. பக்கவாட்டுல காத்து அடிச்சா படகு இடப்பக்கமாத்தானே ஒதுங்கணும்? ஒதுங்கல, முன்னாடி போச்சு. பாய் உப்பி விமான இறக்கை மாதிரி வளைஞ்சிடுது. காத்து அந்த வளைவுல ஓடும்போது ஒரு இழுவிசை வருது. அடியில இருக்கற கனமான கீல் பக்கவாட்டுல நழுவ விடாம தண்ணியைப் பிடிச்சுக்குது. மிச்சம் இருக்கற ஒரே வழி முன்னாடிதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வைக்காம தேறினவனுக்கு இது கண்ணு முன்னாடி நடந்தப்பதான் புரிஞ்சுது. நேரா காத்தை எதிர்த்து மட்டும் எந்தப் பாயும் போகாதாம். அப்ப சுமார் 45 டிகிரி சாய்ச்சு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு இசட் போட்டுக்கிட்டேதான் போகணும்.

கேப்டன் என்ஜினை நிறுத்தினார்.

கூட வந்த ஆஸ்திரேலிய அம்மா கண்ணை மூடிக்கிட்டு "ஆஹா, என்ன ஒரு அமைதி"ன்னாங்க. தண்ணி சளசளக்கற சத்தம், கயிறு முனகற சத்தம், அவ்வளவுதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "எனக்கு இங்கயும் உய்ய்யினுதான்டா கீது"ன்னார். சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் எங்க பார்க்கறதுன்னு தெரியல.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. கேப்டன் எல்லாரையும் முறை வெச்சு சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடிச்சா படகு பாம்பு மாதிரி நெளியுது. ஜெர்மன்காரர் ஒருத்தர் இருந்தார், அவரும் அப்படித்தான். அப்பா பிடிச்சார். பத்து நிமிஷத்துல கோடு போட்ட மாதிரி போகுது. எப்படின்னு கேட்டேன். "கையில அதிருதுடா. அது மாறினா திருப்பறேன்"னார். மில்லுலயும் அப்படித்தானாம். உருளை சரியா ஓடுதா இல்லையான்னு காதால கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, கால்ல ஏர்ற அதிர்வுதான் கணக்காம். இருபத்தெட்டு வருஷ வேலையைப் பத்தி இந்த ஒரு விஷயம்கூட எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

பினாங்குல இருந்து லங்காவி சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். எங்க வேகம் அஞ்சு நாட், மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள்ல போறவன் முந்திடுவான். இந்த வேகத்துல போனா ஒரு வசதி, எதுவும் சட்டுனு கடந்து போகாது. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வலப்பக்கம் ஒரே மலை நின்னுக்கிட்டே இருந்துது. குனோங் ஜெராய். உயரம் 1,200 மீட்டர் சொச்சம். கடலோரச் சமவெளியில ஒத்தையா நிக்கிற மலைங்கறதால ரொம்ப தூரத்துல இருந்தே தெரியும்.

இங்கதான் கொஞ்சம் வரலாற்றுக் கொசுவத்தி. அந்த மலையடிவாரம்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, பொன்னியின் செல்வன் கோஷ்டிக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச கடாரம். 1025 வாக்குல ராஜேந்திர சோழன் படை வந்த இடம். ஆனா படைக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே வியாபாரிங்க வந்தாச்சு. வங்கக் கடலைக் கடந்து வர்றவங்களுக்கு முதல்ல தெரியற அடையாளம் இந்த மலைதான். தென்மேற்குப் பருவக்காத்தைப் பிடிச்சு கிழக்கே வர்றது, வடகிழக்குக் காத்து ஆரம்பிச்சதும் ஊர் திரும்பறது. நடுவுல காத்து மாறற வரைக்கும் மாசக்கணக்குல காத்திருக்கணும். கரையில கோயில் குளம்லாம் வந்தது இப்படிக் காத்திருந்தவங்களாலதான்னு எனக்குத் தோணுது. மூணு நாள் லீவுக்கு நான் கெஞ்சினது ஞாபகம் வந்துது.

அங்க சுங்கை பத்துங்கற இடத்துல பழைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்காங்கன்னு தம்பி சொன்னான். அப்பா நிமிர்ந்து உக்கார்ந்துட்டார். அது வரைக்கும் ராஜா கதையெல்லாம் காதுல போட்டுக்காதவர், உலை எம்மாம் பெருசு, காத்து எப்படி ஊதுனாங்க, கரி எங்கேருந்துன்னு அந்தப் பையனைப் பிடிச்சு உலுக்கிட்டார். களிமண் குழாய் வெச்சு ஊதியிருக்காங்கன்னு அவன் சொன்னதும், "கரெக்டு"ன்னு சர்டிபிகேட் வேற.

உண்மையைச் சொல்லிடறேன், பயணம் பூரா பாய் இல்ல. மத்தியானம் காத்து செத்துப்போச்சு, மூணு மணி நேரம் என்ஜின்தான். அந்த நேரத்துலதான் எனக்கு வயித்தைப் பிரட்டிச்சு. அப்பா அம்மா கல்லு மாதிரி உக்கார்ந்திருக்காங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்த நான் பக்கெட்டும் கையுமா. அம்மா தலையில தட்டி, இஞ்சி குடுத்து, "தூரத்துல கோட்டைப் பாருடா"ன்னாங்க. கேப்டனும் அதையேதான் சொன்னார். கண்ணு அசையலன்னு சொல்லுது, உள்காது அசையுதுன்னு சொல்லுது, அந்தச் சண்டைதான் குமட்டல். தொடுவானத்தைப் பார்த்தா ரெண்டும் சமாதானம் ஆயிடும்.

சாயங்காலம் லங்காவிக்குத் தெற்கே டாயாங் பூந்திங் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டோம். 'கர்ப்பிணிப் பெண்'னு அர்த்தம், மலை அப்படிப் படுத்திருக்கற மாதிரி தெரியும். உள்ள ஒரு ஏரி, கடலுக்கும் அதுக்கும் நடுவுல ஒடுங்கலா ஒரு பாறைச் சுவர், ஆனா தண்ணி நல்ல தண்ணி. அதைக் குடிச்சா குழந்தை பிறக்கும்னு ஐதீகம். அம்மா ஒரு பாட்டில் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. யாருக்கும்மான்னு கேட்டேன். "கல்யாணம் பண்ணிக்கோ, அப்பாலிக்கா சொல்றேன்." பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடியே தண்ணி ரெடி!

படகுல டேங்க் தண்ணி அளவுதான், குளிக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல கூடாதுன்னு சட்டம். மத்தவங்க திணறினாங்க. லாரித் தண்ணிக்குக் குடம் வெச்சு வரிசையில நின்ன எங்கம்மா ஒரு சொம்புல முடிச்சுட்டு வந்தாங்க.

ரெண்டாம் நாள் காலையில கேப்டன் தொழுகை முடிச்சுட்டு மேல வந்தார், இடுப்புல கட்டம் போட்ட கைலி. அப்பாவும் கைலியில டீ குடிச்சிட்டிருந்தார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. கேப்டன் அப்பாவோட கைலியைக் காட்டி, "பெலிகாட்!"னு சிரிச்சார்.

மலாய்ல இந்தக் கட்டம் போட்ட கைலிக்குப் பேரே 'காயின் பெலிகாட்'. காயின்னா துணி. பெலிகாட்? புலிகாட். நம்ம பழவேற்காடு! டச்சுக்காரங்க 1613ல அங்க கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க, 1690 வாக்குல நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு அதுதான் தலைமையிடம். அந்தப் பக்கத்துத் தறியில நெஞ்ச துணியை ஏத்திட்டு வந்து, கிழக்குத் தீவுகள்ல குடுத்து மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கினாங்க. அவங்களுக்கு முன்னாடியே நம்ம மரைக்காயர்கள் அதே தொழில்ல இருந்தாங்க. துணி வந்தது, ஊர்ப் பேரும் கூடவே வந்து இவங்க இடுப்புல உக்கார்ந்துடுச்சு.

அப்பாவுக்கு இதை ரெண்டு தடவை சத்தமா சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கைலியையே பார்த்துட்டு, "நம்ம ஆத்துத் தண்ணி போற எடம்டா அது"ன்னார்.

ஆமா, எங்க கோயிலை ஒட்டி ஓடற ஆரணியாறு போய்ச் சேர்ற இடம் பழவேற்காடுதான். வருஷத்துல பாதி நாள் மணல் மட்டும் தெரியற ஆறு. அதுல கிரிக்கெட் ஆடியிருக்கேன், ஆடி மாசத்துல வேப்பஞ்சேலைக் கூட்டத்தை வேடிக்கை பார்த்திருக்கேன். அதோட மறுமுனையில கப்பல் நின்னுதுன்னு யோசிச்சதே இல்ல. நாங்க மூணு நாள் 'அனுபவம்' வேணும்னு காசு குடுத்து வந்த கடல்ல, அந்தக் கரைக்காரங்க பொழப்புக்காக உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்திருக்காங்க. அவங்களுக்கு ஜாக்கெட்டும் இல்ல, காத்து செத்தா என்ஜினும் இல்ல.

போக நினைக்கிறவங்களுக்கு: டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்தக் கடல் சாது. சூட்கேஸ் வேண்டாம், மடிக்கிற பை போதும். டாய்லெட்டைக் கை பம்பால அடிக்கணும், முதல் நாள் கூச்சம், ரெண்டாம் நாள் பழகிடும். குமட்டல் மாத்திரையைக் கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுக்குங்க. எத்தனை பேரை ஏத்துவீங்கன்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற ஆள் படகுல ஏறாதீங்க, அது லங்காவியா இருந்தாலும் சரி, நம்ம ஊரா இருந்தாலும் சரி.

அப்பா அம்மா ஊருக்குத் திரும்பி ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் போன்ல அப்பா, அதே வால்யூம்ல: "டேய், பழவேற்காட்டுக்கு ஒரு தபா போய்ட்டு வரலாமா?" வீட்டுல இருந்து நாப்பது கிலோமீட்டர் சொச்சம். இத்தனை வருஷத்துல நாங்க சேர்ந்து ஒரு தடவைகூடப் போனதில்ல. அங்க படகுல ஏற முடியாதுப்பான்னேன்.

"ஏற வேணாம்டா, கரையில நின்னு பாத்துட்டு வந்துடலாம்"னார். பின்னாடி அம்மா குரல்: "அதுக்கு நானும் வர்றேன்."

ஆடி மாசத்துக்கு லீவு கேட்டிருக்கேன். டேமேஜர் இன்னும் பதில் சொல்லல.