அழகரைச் சேவிக்க ஆகாய வழி

சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் எழுந்தருளும்போது, ஆற்றங்கரைக் கூட்டத்தில் சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த மதுரைக்காரர்கள் பலர் நிற்பார்கள். வர விரும்பியும் வர இயலாதவர்கள் அவர்களினும் அதிகம். கோடை விடுமுறைக் காலமாதலால் விமானக் கட்டணம் அப்பொழுது ஏறிவிடுகிறது. ஆனால் அவர்களுள் பலரிடம் தாம் கவனியாத ஒரு சேமிப்பு இருக்கிறது. அதுவே விமான மைல்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981ஆம் ஆண்டில் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. இன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர், ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் ஃப்ளைஸ்மைல்ஸ், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் என்று பெரிய நிறுவனங்கள் பலவும் இதனை நடத்துகின்றன. உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. பயணச்சீட்டு வாங்கும்போது உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டால் பயணத்துக்கேற்ற மைல்கள் கணக்கில் சேரும். போதிய அளவு சேர்ந்ததும், வரி முதலானவற்றை மட்டும் பணமாகச் செலுத்தி, பயணச்சீட்டை மைல்களால் பெறலாம். ஆனால் இச்சேமிப்பு நிலைத்திருப்பதன்று. கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்றாண்டுகளில் காலாவதியாகின்றன. பெட்டியும் மிக்ஸியும் வாங்கி மைல்களைக் கரைப்போரும் உண்டு. பெரும்பாலும் அது நஷ்டமே.

முதியோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருவர் சேர்த்த மைல்களை மற்றொருவரின் பயணத்துக்குச் செலவிடலாம். கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர் தம் மைல்களால் சீட்டுப் பெறத்தக்கவர்களாக ஐவரைப் பதிவு செய்துகொள்ளலாம். மகன் அலுவலகப் பணிக்காகப் பறந்து சேர்த்த மைல்களில், வயதான தாய் திருமாலிருஞ்சோலைக்கு வந்து திரும்பலாம்.

ஒருவர் பொருட்டு மற்றொருவர் நிறைவேற்றுவது அழகர்கோவிலுக்குப் புதிதன்று. இத்தலத்துப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நேர்ந்துகொண்டவள் ஆண்டாள். அந்த நேர்த்தியைப் பின்னாளில் வந்து நிறைவேற்றியவர் இராமாநுசர். அதன்பின் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை 'அண்ணா' என்று அழைத்தாள் என்பது குருபரம்பரைச் செய்தி. இன்றும் மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று வைணவ இல்லங்களில் அக்காரவடிசில் மணக்கிறது.

எவ்வழியாக வருவது? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைல்கள் சென்னை வரை உதவும். அங்கிருந்து மதுரைக்கு வைகை விரைவு ரயிலோ பாண்டியன் விரைவு ரயிலோ உண்டு. லண்டன்வாழ் தமிழருக்குக் கொழும்பு வழி ஏற்றது. ஸ்ரீலங்கன் 2014இல் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேர்ந்தமையால், அக்கூட்டணியைச் சேர்ந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் புள்ளிகளாலும் அதில் இருக்கை பெற இயலும். கொழும்பிலிருந்து மதுரை ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணமே.

மைல்களுக்கென ஒதுக்கப்படும் இருக்கைகள் சிலவே. பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே அவற்றைத் திறக்கின்றன. சித்திரைப் பௌர்ணமி என்றைக்கு வருகிறது என்பதையும் பஞ்சாங்கக் கணக்கு அவ்வளவு முன்னதாகவே சொல்லிவிடும். கோயில் பத்திரிகை அச்சாகும்வரை காத்திருப்பவருக்கு இருக்கை கிட்டாது. மீனாட்சி திருக்கல்யாணமும் எதிர்சேவையும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னரே நிகழ்வன. ஆதலால் மூன்று நான்கு நாள் முன்னதாக வந்து சேர்வதே நலம். கூட்டத்துக்கு அஞ்சுவோர் ஐப்பசியில் வரலாம். தைலக்காப்பு உற்சவத்தின்போது பெருமாள் மலைமேல் நூபுர கங்கைக்கு எழுந்தருளும் காட்சியைச் சித்திரைக் கூட்டத்தில் நின்றவர் கண்டிருக்கமாட்டார்.

தமிழர்க்கே உரிய இடையூறு ஒன்று பெயரில் வரும். உறுப்பினர் கணக்கில் தலைப்பெழுத்தோடு மட்டும் பெயர் இருக்கும். கடவுச்சீட்டிலோ தந்தை பெயரோ கணவர் பெயரோ முழுதாக நிற்கும். இரண்டும் பொருந்தாவிடில் மைல்கள் சேராமல் போகலாம், சீட்டுப் பெறுவதிலும் சிக்கல் எழலாம். கடவுச்சீட்டில் உள்ளபடியே எங்கும் பதிவது பாதுகாப்பு. முழங்கால் வலி உடையோர் சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டுப் பதியும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

மதுரை விமான நிலையம் நகரின் தெற்கே. அழகர்மலையோ வடக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவில். இரவு முழுதும் பறந்து வந்தவர் நகரில் ஒருநாள் தங்கி இளைப்பாறிச் செல்வது நன்று. அடிவாரத்தில் சுந்தரராசப் பெருமாளையும் சுந்தரவல்லித் தாயாரையும் சேவித்து, சந்தனம் சாத்திய கதவின் முன் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியை வணங்கியபின், மலைப்பாதையில் வாகனத்திலேயே பழமுதிர்சோலைக்கும் அதற்கு மேலே இராக்காயி அம்மன் சந்நிதியில் உள்ள நூபுர கங்கைக்கும் செல்லலாம். மலையில் குரங்குகள் மிகுதி. தேங்காய் பழத்தைப் பைக்குள் மறைத்தே கொண்டுசெல்ல வேண்டும். திரும்பும் வழியில், அழகர்கோவிலின் புகழ்பெற்ற தோசைப் பிரசாதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.