குளிரின் மேல் பழி

என்னுடைய கார் 2001ம் வருஷத்தது. 2019 ஜனவரியின் கடைசி வாரம் அது தொடர்ந்து மூன்று காலைகள் கிளம்ப மறுத்தது. வின்னிபெக்கில் அந்த வாரம் காலை வேளைகளில் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியையும் தாண்டி இறங்கியிருந்தது. முதல் நாள் வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். இரண்டாம் நாள் போகவே இல்லை. மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் போனபோது மேலதிகாரி எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதியோர் இல்லம் ஒன்றில் அதிகாலைச் சமையல் என் வேலை. நான் போய்ச் சேராவிட்டால் அறுபது பேருக்கு ஓட்ஸ் கஞ்சி தாமதமாகும். வேலை போனால் அந்த வயதில் இன்னொன்று கிடைப்பது துர்லபம்.

சிறுபத்திரிகையில் கார் ரிப்பேர் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும்.

'கார் கிளம்பவில்லை' என்பது ஒரு வாக்கியமே தவிர ஒரு பழுது அல்ல என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சப்தம், பிறகு மௌனம் என்றால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டாரே போய்விட்டது. எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோலையும் பொறியையும் பார்க்க வேண்டும். எஞ்சினின் உஷ்ணத்தைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் சிறிய சென்சாரையும் சந்தேகிக்க வேண்டும். உறைந்து கிடக்கும் எஞ்சினைச் சூடாக இருக்கிறது என்று அது பொய் சொன்னால் கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். குளிரில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. அதனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நேரம் அது. மூன்றாவது ரகத்தில் எஞ்சின் சுழலும், ஆனால் முக்கி முனகி, ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் யோசித்துக்கொண்டு சுழலும். என்னுடையது இந்த ரகம். ஆனால் நான் சப்தத்தை ரகம் பிரித்துக் கேட்கவில்லை. குளிர் என்றேன்.

குளிரின் பங்கு பொய்யல்ல. பாட்டரிக்குள் நடக்கும் ரசாயன மாறுதல் குளிரில் மந்தமாகிறது. நல்ல பாட்டரிகூட -18 டிகிரியில், கோடையில் தரும் சக்தியில் ஏறக்குறையப் பாதியைத்தான் தருகிறது. அதே சமயம் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடுவதால் எஞ்சினைச் சுழற்ற அதிக சக்தி வேண்டியிருக்கிறது. கொடுப்பவன் கை சுருங்கும் நேரத்தில் கேட்பவனின் தேவை பெருகுகிறது. இதற்காகத்தான் இந்த ஊரில் கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்சார பிளக்குகள். எஞ்சினுக்குள் இருக்கும் சிறு ஹீட்டரை ராத்திரியே பிளக்கில் மாட்டிவைக்க வேண்டும். காரின் மூக்கிலிருந்து ஒயர் தொங்குவதை முதலில் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. பிறகு நானும் மாட்டினேன். அந்த மூன்று ராத்திரிகளும் மாட்டித்தான் இருந்தது.

டிசம்பரிலேயே இந்த முனகல் ஆரம்பித்துவிட்டது. ஒரு பட்டறையில் காட்டினேன். குளிர்தான், பாட்டரியை மாற்றிவிடலாம் என்றார்கள். 200 டாலருக்கு அருகில் ஆயிற்று. அவர்கள் எதையும் அளந்து பார்க்கவில்லை. அளக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் குளிர் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஊரில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், இங்கே ராத்திரிகளில் அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறார். மூன்றாம் நாள் மாலை லிஃப்டில் பார்த்தபோது, "குளிர் தம்பி, கார் செத்துப்போச்சு" என்றேன்.

"குளிர் எல்லாக் காருக்கும் ஒண்டுதானே அண்ணை" என்றார் அவர். "மற்றக் கார் எல்லாம் போகுதே."

அரை மணி நேரத்தில் ஒரு பழைய மல்டிமீட்டரோடு கீழே வந்தார். சும்மா இருக்கும்போது பாட்டரி 12.5 வோல்ட் காட்டியது. "திறப்பைத் திருப்புங்கோ" என்றார். எஞ்சின் முனகியது. அந்நேரம் பாட்டரியின் முனைகளில் 10.4. "பற்றறி பாவம், அதில பிழை இல்லை" என்றார். பிறகு பாட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த எர்த் கேபிளின் தடையை அளந்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. கேபிளில் பழுதில்லை என்று நான் முடிவுகட்டினேன். அவர் சிரித்தார். "சும்மா நிக்கிறவனிட்ட நாடி பாத்து என்ன அண்ணை தெரியும்? சுமை தூக்கச் சொல்லிப்போட்டுப் பாக்கவேணும்."

மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவிலும் மற்றதை எஞ்சினின் இரும்பிலும் வைத்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாத இடத்தில் 2 வோல்ட் காட்டியது. பாட்டரி கொடுத்த 10.4ல் 2 அந்த முழ நீளக் கேபிளிலேயே செலவாகிக்கொண்டிருந்தது.

கணக்கு எளியது. கேபிளின் உறைக்குள் செம்புக் கம்பிகள் அரித்துப் பச்சைப் பொடியாகி, ஓமில் நூறில் ஒரு பங்குத் தடை உண்டாகியிருந்தது. சாதாரண மீட்டர் அளக்கும்போது செலுத்தும் துளி மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 200 ஆம்பியர் பாயும்போது அதுவே 2 வோல்ட். ஜூலை மாதம் எஞ்சின் இலகுவாகச் சுழலும்போது ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுத்திருந்தால் 1 வோல்ட்தான் போயிருக்கும். அந்த நஷ்டம் யாருக்கும் தெரிந்திருக்காது. பழுது ஜூலையிலும் இருந்தது.

"கையுறையைக் கழட்டிப்போட்டு இதைத் தொட்டுப் பாருங்கோ" என்றார். கேபிள் எஞ்சினோடு சேரும் முனையைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. உறைந்து விறைத்துக் கிடந்த அந்தக் கார் முழுவதிலும் சூடாக இருந்த ஒரே இடம் பழுதான இடம்தான்.

புதுக் கேபிள் 30 டாலருக்குள் கிடைத்தது. அவர் பிரஷ்ஷால் இரும்பைச் சுரண்டி, கேபிளை முடுக்கி, வாசலின் தடவினார். மறுநாள் விடியற்காலை, அதே குளிரில், கார் ஒரு முறை முனகிவிட்டுக் கிளம்பியது. இளமை ஒன்றும் திரும்பிவிடவில்லை. கிளம்பியது, அவ்வளவுதான். வேலை தப்பியது.

இதற்குமேல் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரை உருவகமாக்கிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்வது சுலபம். ஆனால் இந்த விஷயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

1980களில் நாகர்கோவிலில் நான் கவிதை எழுதியதை இதைப் படிப்பவர்களில் ஒருசிலர் நினைவு வைத்திருக்கலாம். கனடா வந்தபின் எழுதவில்லை. ஊரில் சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்த நண்பர் வருஷா வருஷம் கவிதை கேட்டு எழுதுவார். இந்தக் குளிரில் தமிழ் வாய்க்குள்ளேயே உறைந்துபோகிறது என்று ஒரு தடவை பதில் எழுதினேன். அவருக்கு அது பிடித்துப்போய்ப் பத்திரிகையில் போட்டுவிட்டார். எழுதாமைக்குச் சொன்ன காரணத்துக்காகவே பிரசுரமான எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த வாக்கியத்தில் எனக்கு வெகுநாள் பெருமையும் இருந்தது.

கேபிள் மாற்றிய அந்த வாரம் பழைய நோட்டை எடுத்துப் படித்தேன். 22 கவிதைகள். 'தனிமை' என்ற சொல் 17 இடங்களில் வருகிறது. அவற்றை எழுதிய காலத்தில் நான் ஒன்பது பேர் இருந்த வீட்டில் இருந்தேன். சாயங்காலமானால் டீக்கடை, நண்பர்கள், பேச்சு. தனிமை என்பது மொழிபெயர்ப்புகளிலிருந்து நான் இரவல் வாங்கிய சொல். எனக்கும் அதற்கும் இருந்த தொடர்பு அப்போதே அரித்துப்போனதுதான். அங்கே அந்தச் சொல்லின் மேல் பளு எதுவும் ஏறவில்லை, அதனால் அது ஓடியது. நிஜமாகவே தனியாக இருக்க நேர்ந்த இந்த ஊரில் அதைத் திருப்பிப் பார்த்தேன். முனகக்கூட இல்லை.

நண்பர்கள் அந்தக் கவிதைகளைப் பாராட்டினார்கள். நானும் அவர்களுடையதைப் பாராட்டினேன். எங்கள் விமர்சனம் பெரும்பாலும் அந்த மீட்டரின் முதல் சோதனை மாதிரி இருந்தது. சும்மா கிடக்கும் வரியின் இரு முனைகளையும் தொட்டு, தடை ஏதும் இல்லை என்று சொல்லிவிடுவோம். அதன் வழியே ஒரு வாழ்க்கை பாயும்போது எவ்வளவு நஷ்டமாகிறது என்று அளக்கும் சோதனை எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களை நாங்கள் கடுமையானவர்கள் என்று ஒதுக்கினோம்.

இதை ஒரு நியதியாக நான் சொல்லவில்லை. மூன்றாம் மாடிக்காரரிடம் சொல்லிப் பார்த்தபோது, "அது வேற, இது வேற அண்ணை" என்றார். அவரும் பள்ளிக்கூடத்தில் பாட்டு எழுதியவராம். யுத்தம், முகாம், பிறகு இரண்டு வேலை. உன்னுள் இருந்த பழுதைத்தான் அவை காட்டின என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழாது. நல்ல பாட்டரியையும் முடக்கிப் போடும் குளிர் உண்டு. என்னுடையது அந்தக் குளிர் அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பத்திரிகை நண்பர் 2021ல் காலமானார். அவர் கேட்ட கவிதையை நான் அனுப்பவில்லை. என்னுடைய பழைய வாக்கியத்தை அவர் நம்பியபடியே போய்விட்டார்.

கார் இன்னும் ஓடுகிறது. டிசம்பர் பிறந்ததும் ஒருநாள் காலை எஞ்சினைக் கிளப்பிவிட்டு, இறங்கிப் பானெட்டைத் திறந்து, கையுறையைக் கழற்றி, அந்தக் கேபிள் முனையைத் தொட்டுப் பார்க்கிறேன். சில்லென்று இருந்தால் சரி.