வாங்குவதா, உருவாக்குவதா?

இணையத்தில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அதை எடுத்து அனுப்புவதற்கு எங்கோ ஒரு கணினி விழித்திருக்கிறது. அதுவே வழங்கி. இரவும் பகலும் ஓயாமல் இயங்கும் வழங்கியைக் கடையில் ஆயத்தமாக வாங்கலாம். பாகங்களைத் தேடிச் சேர்த்துச் சொந்தமாகவும் உருவாக்கலாம். இவற்றுள் எது சிறந்தது?

1998-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கோபால்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனம் ‘கியூப்’ என்னும் வழங்கியை அறிமுகப்படுத்தியது. நீல நிறத்தில் கனசதுர வடிவிலான அப்பெட்டியின் ஒரு பக்கம் 20 சென்டிமீட்டர்கூட இல்லை. மின்சாரத்தையும் இணையக் கம்பியையும் இணைத்தபின், பெரும்பாலான வேலைகளை உலாவியின் வழியாகவே செய்து முடிக்கலாம். இதனால், கணினி வல்லுநர் இல்லாத சிறிய அலுவலகங்களும் தங்களுக்கென மின்னஞ்சல் சேவையையும் இணையப் பக்கத்தையும் நடத்த முடிந்தது.

இதற்கு மாறான வழியைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. 1996-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் தங்கள் தேடுபொறி ஆய்வுக்கு 10 வன்தட்டுகளைப் பயன்படுத்தினர். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 4 கிகாபைட். அவற்றை அடுக்கி வைக்கும் பெட்டியைச் சிறுவர்கள் விளையாடும் கட்டைகளைக் கொண்டே அமைத்தனர். அந்த ஆய்விலிருந்தே பின்னர் கூகுள் பிறந்தது.

ஆயத்தப் பெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால், அதன் ஆயுள் தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது. கோபால்ட் நிறுவனத்தைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2000-ஆம் ஆண்டு வாங்கியது. சில ஆண்டுகளில் ‘கியூப்’ உற்பத்தி நின்றுபோனது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டால், நன்றாக ஓடும் வழங்கியும் பூட்டில்லாத வீடாகிவிடும்.

சொந்தமாக உருவாக்கிய வழங்கியில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம், தேவைக்கேற்ப விரிவாக்கலாம். எனினும், அதற்கும் ஓர் ஆபத்து உண்டு. பள்ளிக் கணினிக் கழகத்திற்காகத் திறமையான மாணவர் ஒருவர் வழங்கியை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதையும் எழுதி வைக்காமல் அவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டால், அடுத்து வருபவருக்கு அது திறக்க முடியாத பெட்டிதான்.

ஆகவே, விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பது சரியாகாது. “இது பழுதானால் யார் சரிசெய்வார்? அவர் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்?” என்னும் கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். பராமரிக்க ஆளில்லாத இடத்திற்கு, நீண்ட கால ஆதரவுடன் கூடிய ஆயத்த வழங்கியே பொருத்தம். கற்கும் ஆர்வமும், கற்றதைக் குறித்து வைக்கும் பழக்கமும் உள்ளவர்கள் துணிந்து உருவாக்கலாம்.