வெள்ளாற்று வாளையும் எங்கப்பா தூண்டிலும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ‘நாட்டு முன்னேற்றத்தில் மாணவர் பங்கு’ என்று ஏதாவது எழுதலாமா என யோசித்தேன். அதை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது எங்கள் சேத்தியாத்தோப்பு, அங்கே ஓடும் வெள்ளாறு, அதில் ராத்திரியில் பிடிபடும் வாளை மீன். ஆகவே அதையே எழுதுகிறேன். பீங்கான் தொழில்நுட்பம் படிக்கிறவனுக்கு மீன் எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசி வரை படித்தால் புரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். பகலில் வயல் வேலை, ராத்திரியில் தூண்டில். என் புத்தகச் செலவில் பாதி ஆற்றிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

யார் இந்த வாளை?

சந்தையில் விற்கும் கடல் வாளை வேறு, இது வேறு. இது ஆற்று வாளை. கெளுத்திக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செதில் கிடையாது. வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும். வாயைச் சுற்றி இரண்டு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பு சின்னதாக ஒரு கொடி மாதிரி நிற்க, வயிற்றுப்பக்கத் துடுப்பு வால் வரை நீண்டிருக்கும். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். கலங்கல் தண்ணீரில் மீசையால் தடவி, ருசி பார்த்தே இரையைக் கண்டுபிடிக்கும்.

இதன் விஞ்ஞானப் பெயர் ‘வல்லாகோ அட்டு’. இந்த ‘அட்டு’ என்பது நம் ‘ஆற்று வாளை’யில் உள்ள ‘ஆற்று’தான்! 1801ஆம் ஆண்டு ஜெர்மானியர்களான பிளாக், ஷ்னைடர் இருவர் பெயரிலும் வந்த நூலில் அந்தப் பெயர் ஏறியது. ‘வல்லாகோ’ தெலுங்கிலிருந்து போனது. உலகத்தில் எந்த மூலையில் இந்த மீனைப் பற்றிப் படித்தாலும் நம் கரையோரத்துப் பேச்சு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தூண்டில் என்னும் இயந்திரம்

‘தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண்’ என்பது பழமொழி. ஆனால் வாளைக்குத் தக்கை கிடையாது. இரை தரையில் கிடக்கும், நேரமும் இருட்டு. அப்பாவுக்குக் கண் ஆள்காட்டி விரலில் இருக்கும். நரம்பை விரல்மேல் போட்டு உட்கார்ந்திருப்பார். நண்டு கிள்ளுகிறதா, கெளுத்தி கொத்துகிறதா, வாளை வாயில் போட்டதா என்று விரலே சொல்லிவிடும்.

முதலில் நரம்பு. நைலான் நரம்பில் 0.50 மி.மீ. கனம் உள்ளது சுமார் 14 கிலோ இழுவை தாங்கும். கனம் இரண்டு மடங்கானால் வலு நான்கு மடங்காகும், ஏனென்றால் வலு குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. இதை நான் முதலாண்டில் படித்தேன். அப்பா படிக்கவில்லை. ஆனால் ‘கொஞ்சம் தடிச்சாலே ரொம்பத் தாங்கும்டா’ என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

அடுத்து முடிச்சு. நரம்பு பெரும்பாலும் அறுவது முடிச்சில்தான். அப்பா முடிச்சை வாயில் வைத்து ஈரமாக்காமல் இறுக்கவே மாட்டார். ‘எச்சில் தொட்டு இறுக்கு. இல்லன்னா நரம்பு வெந்துடும்’ என்பார். உராய்வினால் சூடு, சூட்டினால் நைலான் இளகி வலுவிழக்கும். நம் பாடம் எங்கப்பா வாயில் ஒரே சொல்லாக இருந்தது... ‘வெந்துடும்’!

முள். தூண்டில் முள்ளின் நம்பர் தலைகீழ். 6ஆம் நம்பரை விட 2ஆம் நம்பர் பெரிது. 1க்கு மேலே போனால் 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். வாளைக்கு இந்த இரண்டாவது வரிசைதான். அதன் பல் அரம் மாதிரி நெருக்கமாக இருப்பதால் வெறும் நரம்பு தேய்ந்து அறும். அதனால் முள்ளுக்கு மேலே ஒரு முழம் மெல்லிய கம்பி கட்ட வேண்டும். சைக்கிள் பிரேக் கம்பியின் இழை எங்கள் ஊரில் இதற்கு உதவுகிறது.

குண்டு. ஓட்டையுள்ள குண்டில் நரம்பைக் கோத்துவிட்டால், மீன் இழுக்கும்போது நரம்பு மட்டும் ஓடும், குண்டின் கனம் மீனுக்குத் தெரியாது. இங்கேதான் நம் படிப்பு வருகிறது. எல்லோரும் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நெளிக்கிறார்கள். ஈயம் விஷம். விருத்தாசலத்தில் கழித்துப் போட்ட பீங்கான் இன்சுலேட்டர்த் துண்டுகளில் ஓட்டையுள்ளதாகச் சில பொறுக்கி அப்பாவிடம் கொடுத்தேன். கணக்கும் போட்டேன். 100 கிராம் ஈயம் தண்ணீருக்குள் சுமார் 91 கிராம் நிற்கும். 100 கிராம் பீங்கான் சுமார் 58 கிராம்தான். ஆகவே 156 கிராம் பீங்கான் போட்டால் சரிசமம். அப்பா கையில் தூக்கிப் பார்த்து, ‘வழவழன்னு இருக்கு, நரம்பைத் தேய்க்காது’ என்றார். மேல்நாட்டுத் தூண்டில் கழிகளில் நரம்பு ஓடும் வளையத்துக்குள் அலுமினா பீங்கான் வைப்பதும், நூல் மில்களில் நூல் ஓடும் கண்ணுக்குப் பீங்கான் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரைக்கு மண்புழு, கோழிக்குடல், செத்த கெண்டை. கடித்தவுடன் சுண்டக்கூடாது. ‘அது இழுக்குதுன்னு நீயும் இழுக்காத. கொஞ்சம் குடு, அப்புறம் வாங்கு’ என்பது அப்பாவின் பாடம்.

ஓர் எச்சரிக்கை. கூடவே கெளுத்தியும் மாட்டும். அதன் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். விறைத்து நின்றால் மடங்காது. குத்தினால் உயிர் போகிற மாதிரி கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவு வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும். வீக்கம் போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

முதல் வெள்ளம்

மழைக்காலத் தொடக்கத்தில் ஆறு பெருகும்போது வாளை முட்டையிட மேட்டு நீரைத் தேடி ஏறும். எங்கள் அணைக்கட்டில் ஏற முடியாமல் கீழே தேங்கி நிற்கும். பெரிய மீன் பிடிக்க அதைவிட லேசான இடமும் நேரமும் கிடையாது. ஊரே வலையோடு இறங்கும்.

போன வருஷம் முதல் வெள்ளம் வந்த வாரம்தான் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி. அம்மா, ‘ஏங்க, இன்னிக்கு ஒரு ராத்திரி போய்ட்டு வாங்களேன். ஒரு மீன் மாட்டுனா போதுமே’ என்றார்கள். அப்பா, ‘வயித்துல சினையோட நிக்குது, அத எப்படிப் புடிக்கிறது’ என்று சொல்லிவிட்டு, விடிகாலை எழுந்து சம்பா நடவுக்கு நாற்றுக்கட்டு தூக்கப் போனார். ஐந்து நாள் தூக்கினார். ஐந்தாம் நாள் சாயங்காலம் பணத்தைக் கொடுத்தபோது அவர் தோள் சிவந்து கன்றிப்போயிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போய்க் கட்டணத்தைக் கட்டினேன்.

ஒரு வாளை லட்சத்தை எட்டும் அளவுக்கு முட்டையிடும் என்று பிறகு படித்தேன். அப்பாவுக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஆற்று வாளை இன்று அழியக்கூடிய இனங்களில் ஒன்று என்பதும் தெரியாது. தாய்லாந்தில் மீகாங் ஆற்றில் 2005ஆம் ஆண்டு 293 கிலோ எடையுள்ள ராட்சதக் கெளுத்தி பிடிபட்டது. அந்த இனமும் இன்று அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது. அத்தனை பெரிய மீனுக்கே அந்தக் கதி என்றால் நம் வாளை எம்மாத்திரம்?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ச்சியும், மருந்து கலந்தும் மீன் பிடிக்கிறார்கள். வெடியும் விஷமும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மின்சாரம் பாய்ந்தால் குஞ்சு, சினை என்று பார்க்காமல் எல்லாம் போகும், பிடிக்கிறவர் உயிரும் போகலாம். நம்மில் மின்னியல் படிக்கிற நண்பர்கள் ஊரில் யாராவது ‘தம்பி, ஒரு இன்வெர்ட்டர் கட்டிக் குடு’ என்று கேட்டால் தயவுசெய்து கட்டித் தராதீர்கள்.

விடுதி நண்பர்கள் எல்லோரும் ஒருநாள் எங்கள் ஊருக்கு வாருங்கள். நரம்பு, முள், பீங்கான் குண்டு எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா குழம்பு வைப்பார்கள். முதல் வெள்ளம் வருகிற வாரம் மட்டும் வேண்டாம். அந்த வாரம் எங்கப்பா தூண்டில் பரணில்தான் இருக்கும்.

– சேத்தியாத்தோப்பு மாணவன்,
மூன்றாமாண்டு, பீங்கான் தொழில்நுட்பம்